640 சிடிகள், 20 ஆண்டுகள்: இசையைக் கணினிக்கு மாற்றியதில் நான் கண்டவை

எங்கள் வீட்டில் இப்போது 640 இசைச் சிடிகள் இருக்கின்றன. மூன்றில் இரண்டு பங்கு கர்நாடக இசை. மீதி பெரும்பாலும் திரையிசை. அவற்றில் ஏறத்தாழ 300 சிடிகளை நான் இரண்டு முறை கணினியில் ஏற்ற வேண்டியதாயிற்று. 2004-இல் எதையும் விசாரிக்காமல் அவசரமாகச் செய்தேன். 2009-இல் அத்தனையையும் முதலிலிருந்து மீண்டும் செய்தேன். இரண்டாம் முறை செய்தது இன்றுவரை நிற்கிறது. அந்த அனுபவத்தையும், பயன்படுத்திய மென்பொருள்களைப் பற்றிய என் மதிப்பீட்டையும் இங்கே எழுதுகிறேன்.

2004-இல் என் கணினியின் ஹார்ட் டிஸ்க் 40 ஜிபி. ஒரு நிமிட சிடி ஒலி சுருக்கப்படாமல் 10 எம்பிக்குச் சற்று மேல் இடம் பிடிக்கும் (நொடிக்கு 44,100 சாம்பிள், அதாவது ஒலி அளவீடு; ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சானல்). ஆகவே எல்லோரையும் போல நானும் 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3-ஐத் தேர்ந்தெடுத்தேன். ஒரு சிடி 60 எம்பியில் அடங்கியது. கோளாறை முதலில் கண்டுபிடித்தவர் என் அப்பா. ஒரு நேரடிக் கச்சேரிப் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஆலாபனை முடிந்து வயலின் தொடங்கும் இடத்தில் ஒரு சிறு வெட்டு விழுவதைக் கவனித்து, "சிடியில் இப்படி இல்லையே, என்னப்பா செய்தாய்?" என்று கேட்டார். கைதட்டல் ஒரு டிராக்கிலிருந்து அடுத்ததற்குத் தொடரும் எல்லா இடங்களிலும் அதே வெட்டு இருந்தது.

காரணம் எம்பி3-இன் அமைப்பிலேயே இருக்கிறது. அது ஒலியை 1,152 சாம்பிள்கள் கொண்ட சட்டங்களாக (ஃபிரேம்களாக) பிரித்துச் சேமிக்கிறது. ஒரு டிராக்கின் நீளம் அந்த எண்ணின் முழு மடங்காக அமைவது அரிது. எனவே குறியாக்கும் மென்பொருள் தொடக்கத்திலும் முடிவிலும் வெற்று ஒலியைச் சேர்க்கிறது. லேம் என்னும் எம்பி3 குறியாக்கி, எவ்வளவு சேர்த்தது என்பதைக் கோப்பின் தலைப்பகுதியில் எழுதிவைக்கிறது. இயங்கி (பிளேயர்) அதைப் படித்து வெட்டிவிட்டால் இடைவெளி கேட்காது. நான் அன்று பயன்படுத்திய குறியாக்கி அதை எழுதவும் இல்லை, இயங்கி அதைத் தேடவும் இல்லை. தனித்தனிப் பாட்டுகளாகக் கேட்கும் திரையிசையில் இது ஒரு பொருட்டே அல்ல. ராகம், தானம், பல்லவியை நான்கு டிராக்குகளாகப் பிரித்திருக்கும் சிடியில் இது பொறுக்க முடியாத குறை.

அதன்பிறகுதான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கத் தொடங்கினேன். மோர்சிங்கும் கஞ்சிராவும் 128-இல் பெரிதும் சிதைந்திருந்தன. திடீரென்று எழும் ஒலியை எம்பி3 கையாளும்போது, தட்டு விழுவதற்கு ஒரு கணம் முன்னரே மெல்லிய இரைச்சல் பரவிவிடும். மிருதங்கத்தின் சாப்பு கூர்மையிழந்து பஞ்சில் விழுந்தாற்போலக் கேட்டது அதனால்தான். தம்புராவின் மேல் சுரங்களில் நீருக்கடியில் கேட்பது போன்ற ஓர் அசைவு இருந்தது. அதைவிட முக்கியமாக, இந்தக் கோப்புகளிலிருந்து பின்னோக்கிப் போக வழியில்லை என்பது புரிந்தது. எறிந்ததை எம்பி3 திருப்பித் தராது. அதை 320 ஆக மாற்றினால் கோப்புதான் பெருக்கும். இன்றும் இப்படிப் பெருக்கப்பட்ட திரைப்பாடல் கோப்புகள் "320" என்ற பெயரில் உலவுகின்றன. ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் போன்ற ஓர் அலைமாலை மென்பொருளில் திறந்து பார்த்தால், பெரும்பாலானவற்றில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் அரிந்தது போல வெறுமையாக இருக்கும்.

இந்தப் பட்டறிவிலிருந்து நான் பிடித்துக்கொண்ட கொள்கை ஒன்றுதான்: சிடியிலிருந்து எடுப்பது ஒரே ஒரு முறை நடக்க வேண்டும், அது சரியாக நடந்ததற்குச் சான்று இருக்க வேண்டும், எந்த வடிவத்தில் கேட்பது என்பதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வடிவங்களைப் பற்றி வாதிடுபவர்கள் பலரும் முதல் பாதியை விட்டுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

இசைச் சிடியைப் படிப்பது கோப்பை நகலெடுப்பது போன்றதன்று. தரவுச் சிடியில் ஒவ்வொரு செக்டரிலும் (படிக்கும் சிறு துண்டிலும்) 2,352 பைட்டுகளில் 2,048 மட்டுமே தரவுக்கு. மீதியில் பிழை கண்டறியவும் திருத்தவுமான கூடுதல் அடுக்கு ஒன்று இருக்கிறது. இசைச் சிடியில் 2,352 பைட்டுகளும் இசைக்கே. அடிப்படையான பிழைதிருத்தம் தோற்கும் இடத்தில் டிரைவ் அக்கம்பக்கத்துச் சாம்பிள்களை வைத்து ஊகித்து இட்டு நிரப்பிவிடும், பெரும்பாலும் நமக்குச் சொல்லாமலே. ஆகவே சாதாரண மென்பொருளில் ரிப் செய்து (சிடியிலிருந்து கணினிக்கு எடுத்து) "முடிந்தது" என்று வந்தால், அது சரியாக வந்தது என்று பொருளில்லை.

2009-இல் நான் எக்ஸாக்ட் ஆடியோ காப்பிக்கு மாறினேன். ஆந்திரே வீட்டோஃப் என்ற ஜெர்மானியர் 1998 முதல் வழங்கிவரும் விண்டோஸ் மென்பொருள் இது. இதன் பாதுகாப்பு முறை ஒவ்வொரு செக்டரையும் குறைந்தது இரண்டு முறை படிக்கும். ஒவ்வாவிட்டால் பதினாறு பதினாறு முறையாகத் திரும்பப் படித்து, பதினாறில் எட்டு ஒத்துவந்தால்தான் ஏற்கும். டிரைவ் தன் நினைவகத்திலிருந்தே பழைய விடையைத் திருப்பித் தந்து ஏமாற்றாதபடி அதையும் கவனித்துக்கொள்கிறது. முதல் அமைப்புக்கு ஒரு முழு மாலை தேவைப்பட்டது என்பதையும், அதன் சாளரங்கள் புதியவரை மிரட்டும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒருமுறை அமைத்துவிட்டால் பல்லாண்டு உழைக்கும். லினக்ஸில் இதே வேலைக்கு விப்பர் இருக்கிறது; 2018-க்குப் பிறகு வாங்கிய சிடிகளை அதில்தான் எடுக்கிறேன், முடிவுகளில் வேறுபாடு கண்டதில்லை.

அமைக்கும்போது தவறவிடக் கூடாதது டிரைவின் ஆஃப்செட். ஒவ்வொரு மாதிரி டிரைவும் சில சாம்பிள்கள் முந்தியோ பிந்தியோ படிக்கத் தொடங்கும். என் முதல் டிரைவில் அது 102 சாம்பிள், அடுத்ததில் 6. காதுக்கு இது ஒன்றுமே இல்லை (102 சாம்பிள் என்பது இரண்டரை மில்லிநொடிக்கும் குறைவு). ஆனால் இதைச் சரிசெய்யாவிட்டால் உங்கள் ரிப்பைப் பிறருடைய ரிப்போடு ஒப்பிட முடியாது. அந்த ஒப்பீட்டைச் செய்வது அக்யூரேட்ரிப் என்னும் தரவுத்தளம். அதே சிடியை வேறு டிரைவில், வேறு ஊரில் எடுத்தவர்களுடைய செக்சம்மும் (தரவிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணும்) உங்களுடையதும் ஒத்துப்போனால், ஐயத்துக்கு இடமில்லை.

நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பெயர் பெற்ற திரைப்பட சிடிகளில் பலவற்றை அக்யூரேட்ரிப் அறிந்திருந்தது. என்னிடமிருந்த கர்நாடக இசைச் சிடிகளில் மூன்றில் ஒன்றுகூட அதில் இல்லை. வேறு யாரும் எடுத்துப் பதிவு செய்யாத சிடிக்கு நாமே நமக்குச் சாட்சியாக வேண்டியிருக்கிறது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் "டெஸ்ட் அண்ட் காப்பி" என்ற வழி இதற்கென்றே உள்ளது. டிராக்கை முழுமையாக இருமுறை எடுத்து, இரண்டு செக்சம்களையும் லாக் கோப்பில் எழுதும். ஐயம் வந்த சிடிகளை இரண்டாவது டிரைவிலும் எடுத்துப் பார்த்தேன். நேரம் இரட்டிப்பாகும்தான், அன்றிருந்த 480 சிடிகளை மாலைக்கு இரண்டு வீதம் எடுத்து முடிக்க ஒன்பது மாதங்கள் ஆயின. செலவான அந்த நேரத்தை நான் ஒருநாளும் வீணென்று எண்ணியதில்லை.

கீறல்களைப் பற்றி ஒரு சொல். அடிப்பக்கத்துக் கீறலைக் கண்டு பதறுபவர்கள், படம் அச்சிட்ட மேற்பக்கத்தைக் கவனிப்பதில்லை. அடியில் 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் காவலாக இருக்கிறது. மேலே ஒளியைத் திருப்பும் உலோகப் படலத்துக்கும் நகத்துக்கும் இடையே மெல்லிய பூச்சும் அச்சும்தான். ஆலையில் அச்சிட்ட சிடிகள் என்னிடம் மிகச் சிலவே கெட்டன. நண்பர்கள் எரித்துக் கொடுத்த சிடி-ஆர்கள் நிலைமை வேறு: 2003 வாக்கில் எரித்தவற்றில் பாதிக்கு மேல் 2014-இல் படிக்கவில்லை. உங்களிடம் அப்படிப்பட்ட சபைப் பதிவுகள் இருந்தால், மற்ற எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டு முதலில் அவற்றை எடுங்கள்.

சேமிக்கும் வடிவமாக ஃபிளாக்கைத் தேர்ந்தெடுத்தேன். ஜாஷ் கோல்சன் உருவாக்கி 2001-இல் முதல் பதிப்பு வெளியான இந்த இழப்பற்ற வடிவம் (சுருக்கினாலும் ஒலியில் எதையும் எறியாதது) 2009-இல் பல கையடக்க இயங்கிகளில் ஓடாது. பலர் என்னைத் தடுத்தார்கள். இன்று கைபேசி முதல் தொலைக்காட்சி வரை எல்லாம் அதைப் படிக்கின்றன, 2024-இல் ஆர்எஃப்சி 9639 என்ற எண்ணில் முறையான இணையத் தரமாகவும் வெளியாகிவிட்டது. என் தேர்வுக்குக் காரணம் அதன் திறந்த தன்மை. உறவினர் ஒருவர் அந்நாளில் கணினியோடு வந்த இயங்கியில், உரிமப் பூட்டு போடும் தேர்வு தானாகவே இயங்கிக்கொண்டிருப்பதை அறியாமல் எழுபது சிடிகளை எடுத்துவைத்தார். கணினியை அழித்துப் புதிதாக நிறுவியபின் அவற்றில் ஒன்றும் திறக்கவில்லை. அவர் சிடிகளை முன்பே பிறருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்.

ஃபிளாக்கில் 0 முதல் 8 வரையுள்ள எண்கள் தரத்தைக் குறிப்பவையல்ல. சுருக்க எடுக்கும் முயற்சியை மட்டுமே குறிப்பவை. நான் 8 வைத்தேன், 5 வைத்திருந்தாலும் பெரிய வேறுபாடு இருந்திராது. பிட்ரேட்டைப் பார்த்து ஃபிளாக்கை மதிப்பிடுவதும் தவறு. 1960-களின் மோனோ கச்சேரி ஒன்று என்னிடம் 400 கேபிபிஎஸ்ஸுக்குள் அடங்கிவிடுகிறது, ஏனெனில் இரண்டு சானல்களும் ஒன்றே என்பதை ஃபிளாக் கண்டுகொள்கிறது. உச்சத்துக்கு ஏற்றிப் பதிவு செய்த அண்மைத் திரைப்பாடல் 1,000-ஐத் தாண்டுகிறது. இரண்டும் தத்தம் சிடியின் பிசகில்லாத பிரதிகள். 640 சிடிகளும் சேர்ந்து 200 ஜிபிக்கு அருகில் நிற்கின்றன.

நான் மிகவும் நன்றியோடு நினைப்பது, ஒவ்வொரு ஃபிளாக் கோப்பும் தன் ஒலியின் எம்டி5 கையொப்பத்தை (ஒரு வகைச் செக்சம்மை) தன்னுள் சுமப்பதை. 2013-இல் ஒரு ஹார்ட் டிஸ்க் பழுதாகத் தொடங்கியபோது, எல்லாக் கோப்புகளையும் சோதனைக் கட்டளையால் ஓடவிட்டேன். பதினொரு கோப்புகள் கெட்டிருந்தன என்பது ஓர் இரவில் தெரிந்தது, மற்றொரு டிஸ்க்கிலிருந்த நகலிலிருந்து அவற்றை மட்டும் மாற்றினேன். எம்பி3-ஆக இருந்திருந்தால் எந்தப் பாட்டு கெட்டது என்பதைக் கேட்டுத்தான் அறிந்திருப்பேன்.

தமிழில் டேக் (கோப்புக்குள் வைக்கும் பாடல் விவரக் குறிப்பு) எழுதுவது தனி உழைப்பு. எம்பி3-இன் டேக் முறையான ஐடி3-இன் பழைய முதல் பதிப்பில் தலைப்புக்கு 30 பைட்டுகளே உண்டு, யூனிகோடுக்கு இடமில்லை. ஃபிளாக்கின் டேக்குகள் தொடக்கத்திலிருந்தே யூடிஎஃப்-8 என்னும் யூனிகோடு முறையில் இருப்பதால் தமிழ் இயல்பாக அமர்கிறது. புலங்களின் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும்; மதிப்புகளைத் தமிழில் எழுதலாம், வேண்டிய புலத்தைப் புதிதாகச் சேர்க்கலாம், பாடியவர் இருவர் என்றால் அதே புலத்தை இரண்டு முறை இடலாம். ராகத்துக்கும் தாளத்துக்கும் இயற்றியவருக்கும் தனிப்புலங்கள் வைத்ததால், இன்று என்னால் தோடியை மட்டும் திரட்டிக் கேட்க முடிகிறது. டேக்குகளை நிரப்பும் மியூசிக்பிரைன்ஸ் பிகார்ட் மென்பொருள் திரையிசைக்கு ஓரளவு உதவியது. கர்நாடக இசைக்கு உறையைப் பார்த்து நானே தட்டச்சு செய்தேன்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். லினக்ஸில் கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது என்பதால், 85 குறியீடுகளுக்குள் பெயர் முடிய வேண்டும். கீர்த்தனை, ராகம், தாளம், இயற்றியவர் என்று அடுக்கினால் எளிதில் மீறிவிடும். பெயரைச் சுருக்கி, விவரத்தை டேக்கில் வையுங்கள். மற்றொன்று, பார்வைக்கு ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருக்கும் எழுத்துகள். "கொ" என்பதை ஒகரக் குறி ஒன்றால் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாலும் எழுதலாம். வேறொரு இயங்குதளம் கொண்ட கணினி வழியாக நகலெடுத்தபோது என் கோப்புப் பெயர்கள் முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாறிவிட்டன. தேடினால் பாதி வரவில்லை. "சௌராஷ்டிரம்" பட்டியலில் இரண்டு முறை வந்ததற்குக் காரணம் இன்னும் எளியது: சில இடங்களில் நானே கொம்பு போட்டு ளகரத்தைச் சேர்த்துத் தட்டியிருந்தேன். இத்தகைய குறிகளை ஒன்றாகச் சேர்த்து எழுதும் யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்கு எல்லாப் பெயர்களையும் மாற்றியதில் முதல் சிக்கல் தீர்ந்தது. இரண்டாவதைக் கையால்தான் திருத்தினேன்.

கேட்பதற்கு என்ன வைப்பது என்பதை ஃபூபார்2000 என்னும் இயங்கியின் ஏபிஎக்ஸ் சோதனையால் முடிவு செய்தேன். எது எது என்று காட்டாமல் ஒலிக்கவிட்டு, எது மூலம் என்று நம்மைச் சொல்லவைக்கும் சோதனை அது. 128 எம்பி3-ஐ ஒரு கஞ்சிரா துண்டில் 16-க்கு 15 முறை கண்டுபிடித்தேன். இடத்துக்கேற்பப் பிட்ரேட்டை மாற்றும் லேமின் வி2 அமைப்பில் 16-க்கு 9 மட்டுமே. நாணயத்தைச் சுண்டினாலும் ஏறத்தாழ அவ்வளவு வரும். ஆகவே காரில் பென் டிரைவுக்கு வி2. கைபேசிக்கு 128 கேபிபிஎஸ் ஓபஸ். 2012-இல் தரமாக்கப்பட்ட இந்த வடிவத்தில் என் சிடிகள் முழுவதும் 40 ஜிபிக்குள் அடங்குகின்றன, டிராக்குகளுக்கு இடையே வெட்டும் இல்லை. முன்பு அங்கே ஆக் வார்பிஸ் என்னும் வேறொரு வடிவத்தை வைத்திருந்தேன். மாற்ற முடிவு செய்த நாளில் ஃபிளாக்கிலிருந்து ஓர் இரவில் எல்லாம் மாறிவிட்டன. எந்தச் சிடியையும் தொட வேண்டியிருக்கவில்லை.

புதிய மடிக்கணினிகளில் சிடி டிரைவ் இல்லாததால், வேலை செய்யும் பழைய டிரைவ்கள் இரண்டைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். நான்கு சிடிகள் இன்னும் முழுமையாக வரவில்லை. அவற்றின் லாக் கோப்புகளில் எந்த டிராக்கில் எத்தனையாவது நிமிடத்தில் படிக்க முடியவில்லை என்பது பதிவாகியிருக்கிறது. அவற்றில் ஒன்று, அப்பா அன்று நிறுத்திக் கேட்ட அதே கச்சேரி, மூன்றாவது டிராக், நான்காவது நிமிடம். அதன் இன்னொரு பிரதி யாரிடமாவது கிடைக்கும்போது, அந்த ஒரு டிராக்கை மட்டும் மீண்டும் எடுப்பேன்.