க்ராக் க்ளைம்பிங் கத்துக்க எங்க போறது: இண்டியன் க்ரீக்கா, ஜாஷுவா ட்ரீயா, இல்ல ஜிம்மே போதுமா?

க்ளைம்பிங் ஜிம் சுவர்ல கலர் கலரா பிடி இருக்கும், அதைப் புடிச்சு இழுத்து 5.11 வரைக்கும் (அமெரிக்க கிரேடு, புள்ளிக்கு அப்புறம் நம்பர் ஏற ஏற கஷ்டம்) ஏறிட்டு இருந்தேன், நமக்கு ஏறத் தெரியும்னு ஒரு நெனப்பு வேற. மொத தடவை நெஜமான ஒரு க்ராக் முன்னாடி நின்னப்ப நெனப்பெல்லாம் போச்சு, ஏன்னா அங்க புடிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. மொழுமொழுன்னு பாறை, நடுவுல மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு வெடிப்பு, அவ்ளோதான். அதுக்குள்ள கையை விட்டு கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் மடக்கினா கை உப்பி ரெண்டு பக்கமும் இறுகும், அந்த இறுக்கத்துலதான் தொங்கணும். இதுதான் ஜாம். சொல்றதுக்கு ரெண்டு வரி, கத்துக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, அதுவும் தப்பான வரிசையில போனதால.

கத்துக்க நாலு வழி இருக்கு. தெரிஞ்ச ஃப்ரெண்டோட போறது, ஜிம்ல மரத்துல செஞ்ச க்ராக்ல பழகுறது, கலிஃபோர்னியா ஜாஷுவா ட்ரீல கிளினிக் (கைடு சொல்லித் தர்ற குட்டிப் பயிற்சி வகுப்பு) எடுக்குறது, யூட்டால இருக்குற இண்டியன் க்ரீக்ல கிளினிக் எடுக்குறது. நாலையும் பண்ணிப் பாத்துட்டேன்.

ஃப்ரெண்டு கதையை சீக்கிரம் முடிச்சிடலாம். அவன் நல்லா ஏறுவான், ரோப்பை மேல மாட்டிட்டு இறங்கி வந்து கீழ நின்னுட்டு "கையை உள்ள விட்டு லாக் பண்ணுடா"ன்னு கத்துவான், நானும் விடுவேன், வழுக்கும், திரும்ப கத்துவான். தான் என்ன பண்றோம்னே அவனுக்குத் தெரியல, பத்து வருஷமா உடம்பு தானா பண்ணுது, அப்புறம் எப்படி சொல்லித் தருவான். சாயங்காலம் பாத்தா ரெண்டு புறங்கையிலயும் தோல் இல்ல. ஆனா ஒண்ணு, செலவு கிடையாது, அதோட க்ரீக் மாதிரி இடத்துல விழுந்தா தாங்குறதுக்கு வெடிப்புக்குள்ள சொருகி ரோப்பை மாட்டுற கேம்ங்கிற கருவி, ஒரே க்ராக்குக்கு ஒரே சைஸ்ல அஞ்சு ஆறுன்னு தேவைப்படும், ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட நூறு டாலர், அதை வச்சிருக்குற ஃப்ரெண்டு கெடைச்சா விட்டுடாதீங்க. கத்துக்கிட்டதுக்கு அப்புறம் அவனோட போங்க.

ஜிம் மர க்ராக்கை நெறைய பேரு மட்டமா பேசுறாங்க, அது தப்பு. இங்கிலாந்துல டாம் ராண்டால், பீட் விட்டேக்கர்னு ரெண்டு பேரு ஷெஃபீல்டுல ஒரு வீட்டு நிலவறையில மரத்தால க்ராக் செஞ்சு அதுலயே பயிற்சி பண்ணிட்டு, 2011ல யூட்டாவுக்கு வந்து செஞ்சுரி க்ராக்ங்கிற பயங்கரமான அகல வெடிப்பை ஏறிட்டுப் போனாங்க. ஆனா அவங்க ஏற்கனவே க்ராக் தெரிஞ்சவங்க. ஜாம் எப்படி இருக்கணும்னே தெரியாம மரத்துல பழகினா தப்பைத்தான் நல்லா பழகுவோம், எனக்கு அதான் நடந்துச்சு, ஆறு மாசம் கையை வச்சு இழுத்து இழுத்து மேல போயிட்டு இருந்தேன், கால் சும்மா தொங்கிட்டு இருந்துது. கிளினிக் முடிஞ்சு வந்து அதே மரத்துல ஏறினப்பதான் அது எதுக்குன்னு புரிஞ்சுது.

இப்ப ரெண்டு பாலைவனம். உண்மையான போட்டி இங்கதான்.

ஜாஷுவா ட்ரீ லாஸ் ஏஞ்சலஸ்லேருந்து ரெண்டரை மணி நேர ட்ரைவ், பக்கத்துலயே ஊர் இருக்கு, காபி இருக்கு. பாறை கிரானைட் ஜாதி, சொரசொரன்னு படிகம் படிகமா இருக்கும், ஷூ நல்லா ஒட்டும், கையை மட்டும் தேங்காய் துருவுற மாதிரி துருவிடும். அங்க சுலபமான க்ராக் நெறைய உண்டு, ஓல்ட் வுமன் பாறையில இருக்குற டபுள் கிராஸ் வெறும் 5.7, ஆனா நல்ல கை சைஸ் வெடிப்பு. பிரச்சனை என்னன்னா ஜாஷுவா ட்ரீ க்ராக் ஒரே அகலத்துல போகாது. இங்க கை நுழையும், ரெண்டடி மேல விரல் மட்டும்தான் நுழையும், அதுக்கு மேல புனல் மாதிரி வாய் விரிஞ்சு நிக்கும். கை வழுக்கினா நான் தப்பு பண்ணேனா, க்ராக் மாறிடுச்சான்னு புதுசா வர்றவனுக்குத் தெரியவே தெரியாது. அதுக்கு பதிலா வேற நெறைய கத்துக்கலாம், நட்ங்கிற உலோகத் துண்டை வெடிப்புல சொருகி வைக்கிறது, மேல போய் ரோப்பைத் தாங்குற ஆங்கரை சொந்தமா கட்டுறது, பின்பக்கமா நடந்து இறங்குறது எல்லாம் அங்கதான் எனக்கு வந்துது.

இண்டியன் க்ரீக் நேர் எதிர். மோவாப்லேருந்து தெக்கால ஒரு மணி நேரத்துக்கு மேல ஓட்டணும், நடுவுல கடை கிடையாது, தண்ணி கிடையாது, சிக்னல் பேருக்குத்தான். போற வழியில நியூஸ்பேப்பர் ராக்னு ஒரு பாறை, முழுக்க பழங்குடி மக்கள் செதுக்கின உருவங்கள், இறங்கி ஒரு நிமிஷம் பாருங்க, தொடாதீங்க. சுவர் எல்லாம் விங்கேட் மணற்கல், ஏறக்குறைய 20 கோடி வருஷத்துக்கு முன்னாடி மணல்மேடா இருந்தது இறுகிக் கல்லாகி நேர்கோடா வெடிச்சு நிக்குது. கத்தியால கீறின மாதிரி நூறு அடி, அடியிலேருந்து நுனி வரைக்கும் ஏறக்குறைய ஒரே அகலம். அதனால ஒரே ஜாமை நாப்பது தடவை பண்ணுவீங்க. முதல் பத்து கேவலமா இருக்கும், இருபதாவதுல ஏதோ மாறும், உடம்புக்குத் தானா வெளங்கும். ஜாமை மட்டும் கத்துக்கணும்னா உலகத்துல இதைவிட நல்ல வகுப்பறை இருக்குன்னு எனக்குத் தோணல.

ஒரு விஷயம், இப்படி இணையா போற வெடிப்புல பாதுகாப்புக்கு எதையும் நம்பி சொருக முடியாம ரொம்ப நாள் திண்டாட்டமா இருந்திருக்கு. அங்க பேர்போன சூப்பர்க்ராக்கை 1976ல ஏறினவங்ககிட்ட இன்னைக்கு இருக்குற ஸ்ப்ரிங் வச்ச கேம் கிடையாது, ரே ஜார்டின் கண்டுபிடிச்ச ஃப்ரெண்ட்ஸ்ங்கிற கேம் 1978லதான் விக்க வந்துது. நாம டாப் ரோப்ல, அதாவது மேலயே மாட்டி வச்ச ரோப்ல, தொங்கிட்டு பயந்து சாகுறோம்.

க்ரீக்கோட குறையும் சொல்லணும். 5.9க்கு கீழ கிட்டத்தட்ட ஒண்ணும் இல்ல, மொத நாளே 5.10ல தள்ளுவாங்க. அப்புறம் மழை. மணற்கல் நனைஞ்சா பலம் போயிடும், பிடி ஒடையும், கேம் புடுங்கிட்டு வரும், ஒரு நாள்லேருந்து மூணு நாள் வரைக்கும் காயவிடணும். ரெண்டு நாள் கிளினிக்குக்கு லீவு போட்டு ஃப்ளைட் புடிச்சுப் போய் முந்தின ராத்திரி மழை பெஞ்சுதுன்னா அவ்ளோதான். ஜாஷுவா ட்ரீ பாறை வெயில் வந்தா சீக்கிரம் காயும். வசந்த காலத்துல கழுகு, பருந்து கூடு கட்டுதுன்னு க்ரீக்ல சில சுவரை மூடவும் செய்வாங்க, அதை மதிக்கணும்.

அடுத்த கேள்வி, தனியா கைடு எடுக்குறதா, நாலு பேர் குரூப்பா. காசு இருந்தா தனியாதான் பெஸ்ட்னு நானும் நெனச்சேன். இல்லீங்க. க்ராக்ல ஒரு நாளைக்கு உருப்படியா ஆறு ஏழு ஏத்தம்தான், அதுக்கு மேல முன்கை கல்லாயிடும், தோலும் தாங்காது. தனி கைடுன்னா மிச்ச நேரம் ஓய்வுக்கும் சேத்து காசு குடுக்குறீங்க. நாலு பேர், ரெண்டு ரோப்னா அந்த ஓய்வுல அடுத்தவன் ஏறுறதைப் பாக்கலாம், பாதி பாடம் அதுலதான் இருக்கு. ஆறு எட்டு பேர்னு போனா மட்டும் வேண்டாம், நிக்கிற நேரம்தான் அதிகம்.

க்ரீக் கிளினிக்ல எங்க குரூப்ல நடந்ததை சொல்றேன். எங்க கைடு மொத ஒரு மணி நேரம் யாரையும் ஏறவே விடல. தரையிலேருந்து ரெண்டு அடியில காலை மட்டும் மாட்டி, ரெண்டு கையையும் எடுத்துட்டு நிக்கச் சொன்னாங்க. முட்டியை வெளிய சாய்ச்சு, பாதத்தை கட்டைவிரல் மேல பாக்குற மாதிரி பக்கவாட்டுல உள்ள விட்டு, அப்புறம் முட்டியை நேருக்குக் கொண்டு வரணும், பூட்டுல சாவி திருப்புற மாதிரி. நான் திருப்பினேன், உயிரே போச்சு. அவங்க என் ஷூவைப் பாத்துட்டு சிரிச்சாங்க, ஜிம்முக்குன்னு வாங்கின வாழப்பழம் மாதிரி வளைஞ்ச ஷூ, உள்ள விரல் எல்லாம் மடங்கிக் கெடக்கு, அதைப் போய் திருகினா வலிக்காம என்ன பண்ணும். தட்டையான, கொஞ்சம் கடினமான ஒரு பழைய ஷூவை எடுத்துக் குடுத்தாங்க, விரல் நீட்டி நின்னுது, திரும்ப மாட்டினேன், கையை எடுத்தேன், நின்னுட்டேன். ரெண்டு வருஷம் நான் கையால இழுத்துட்டு இருந்த எடையை அந்தக் கால் சும்மா தாங்கிட்டு நின்னுது.

மத்தியானம் இன்னொண்ணு. க்ரீக்ல க்ராக் அகலத்தை கேம் கலரை வச்சுத்தான் பேசுவாங்க, நம்பர் 1 சிவப்பு, 2 மஞ்சள், 3 நீலம். ஒரு சிவப்பு சைஸ் க்ராக், 5.10. என் கை முட்டிக்கணு வரைக்கும்தான் போச்சு, அதுக்கு மேல நுழையல, பத்து அடியில விழுந்தேன். எங்க கூட வந்த அக்கா ஒருத்தங்க, சின்ன கை, மணிக்கட்டு வரைக்கும் உள்ள விட்டு ஏணி ஏறுற மாதிரி போயிட்டாங்க. அடுத்து நீலம், அதுவும் 5.10தான். அதுல என் கையை கொஞ்சம் குவிச்சு வச்சா இறுகுது, அவங்களுக்கு முஷ்டி வச்சும் உள்ள ஆடுது, பாதியில இறங்கிட்டாங்க. ஆக புத்தகத்துல போட்டிருக்குற கிரேடு யாரோ ஒருத்தர் கைக்குப் போட்டது. தனியா போயிருந்தா அந்த சிவப்பு க்ராக்கோட நமக்கு இது வராதுன்னு திரும்பி வந்திருப்பேன்.

கையுறை பத்தி சண்டை போடாதீங்க, ரப்பர் வச்ச க்ராக் க்ளவ் வாங்கிக்கங்க, டேப் சுத்துறது காலையில பதினஞ்சு நிமிஷம் வீண். கை ரொம்ப பெருசா இருந்து இறுக்கமான க்ராக்ல ஏறணும்னா மட்டும் டேப், அது மெலிசு.

என் வரிசையைக் கேட்டா, மொதல்ல க்ரீக்ல ரெண்டு நாள் சின்ன குரூப், அப்புறம் ஊருக்கு வந்து மர க்ராக், குளிர்காலத்துல ஜாஷுவா ட்ரீ. பள்ளத்துல விழுற பயம் அதிகம் இருக்குறவங்க, வெளிப்பாறையே தொடாதவங்க மட்டும் ஜாஷுவா ட்ரீல ஆரம்பிங்க, 5.7ல நிதானமா போகலாம். புக் பண்றதுக்கு முன்னாடி ஃபோன் போட்டுப் பேசுங்க. அந்த நிலத்துல கைடு வேலை பாக்க பர்மிட் இருக்கா, ஒரு கைடுக்கு எத்தனை பேர், மழை பெஞ்சா காசா வேற தேதியா, இதெல்லாம் நீங்க கேளுங்க. பதிலுக்கு அவங்க உங்க கை சைஸ் என்னன்னு கேட்டா அங்கயே புக் பண்ணிடுங்க.