வீராவோடு நாலு வருஷமாகப் போகும் கடற்கரை

தென்னாப்பிரிக்காவில், டர்பனிலிருந்து தெற்கே, ஸ்காட்பர்க் ஊரைத் தாண்டி ஒரு சின்னக் கடற்கரை. பெயரை எழுத மாட்டேன். மேலே ஆறு கார் நிறுத்தத்தான் இடம். நாலு வருஷமாக மாதம் ஒருமுறையாவது எங்கள் வீராவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். கலப்பு நாய், முப்பது கிலோ, சொல்பேச்சு கேட்கமாட்டான்.

நாயைக் கூட்டிப்போகலாம் என்றதும் ஏதோ வசதி இருக்கும் என்று நினைத்தேன். தடைப் பலகை இல்லை, அவ்வளவுதான். குழாய், நிழல், குப்பைத்தொட்டி எதுவும் கிடையாது. அவனுக்கென்று இரண்டு லிட்டர் தண்ணீர் சுமக்க வேண்டும். அவன் போட்டதைப் பையில் கட்டி மேலே கொண்டுவரவும் வேண்டும்.

காட்டுவாழைகளுக்கு நடுவே பாதை செங்குத்தாக இறங்கும். இறங்கப் பத்து நிமிஷம், ஏற அரை மணி. முதல் வருஷம் கழுத்துப்பட்டையில் கயிறு மாட்டிப் போனேன். ஒரு குரங்கைப் பார்த்துப் பாய்ந்தான். பாதிச் சரிவை நான் உட்கார்ந்தபடியே இறங்கினேன். எதிரே தூண்டிலோடு ஏறிவந்த பெரியவர் "சாவுபோனா" என்றார். ஜூலுவில் வணக்கம்தான். ஆனாலும் அந்த நிலைமையில் தமிழன் காதில் விழவேண்டிய வார்த்தையா அது? அதற்கப்புறம் மார்போடு கட்டும் பட்டைதான். பாறையில் தயங்கி நின்றால் முதுகுப் பிடியைப் பிடித்துத் தூக்கிவிடலாம்.

கடல் வற்றினால்தான் மணல் இருக்கும். ஏறிவிட்டால் பாறையடிவரை அலை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் காலை பத்து மணி வாக்கில் நன்றாக வற்றும். அதனால் வீட்டுத் தமிழ் நாள்காட்டிதான் எனக்கு அட்டவணை. அமாவாசையன்று காக்கைக்குச் சோறு வைக்காமல் கிளம்பினால் அம்மா விடமாட்டார். (அந்தச் சோற்றை ஹடீடா என்கிற அரிவாள்மூக்குப் பறவை தின்றுவிடும், அது வேறு கதை.) சுறா வலை போட்ட கடற்கரை இல்லை என்பதால் முழங்காலுக்கு மேல் இறங்குவதில்லை. காற்று கரைப்பக்கம் அடித்தால் ப்ளூபாட்டில் ஒதுங்கும், ஜெல்லிமீன் மாதிரி ஒரு நீல உயிர். காய்ந்து கிடந்தாலும் கொட்டும், நாய் மோந்து பார்க்காமல் விடாது. அன்றைக்குத் திரும்பிவிடுவேன்.

பெரிய அடி இரண்டாம் வருஷம். போய்வந்து இரண்டு வாரத்தில் வீரா சாப்பாட்டைத் தொடவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது; சிறுநீர் கருப்பட்டிக் காப்பி நிறம். இங்கே பிலியரி என்பார்கள். உண்ணி கடித்துப் பரவும் பபேசியா ஒட்டுண்ணி, ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஊசி, ரத்தம் ஏற்றுவது, இரண்டு ராத்திரி. பாதையோரப் புல்லில்தான் பிடித்திருக்க வேண்டும். இப்போது உண்ணி மாத்திரை தவறுவதில்லை. காரில் ஏற்றுமுன் வெள்ளைத் துண்டை விரித்து நிறுத்தி, விரலிடுக்கு, காதுமடல், வாலடி என்று தடவிப் பார்ப்பேன். போன முறை காதுக்குள் இரண்டு.

ஜூன், ஜூலையில் மத்திக் கூட்டம் வரும்போது பாதி வழியிலேயே நின்றுவிடலாம். கேனட் பறவைகள் இறக்கையை மடக்கி அம்பு மாதிரி கடலில் குத்தும். வீரா ஒவ்வொன்றுக்கும் குரைப்பான்.

அவனுக்கு இப்போது ஒன்பது வயது. போன மாதம் ஏறும்போது மூன்றாவது வளைவில் உட்கார்ந்துகொண்டான். நானும் உட்கார்ந்தேன். மீதித் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தான். ஜூலையில் இன்னொரு தடவை போக ஆசை. முப்பது கிலோவைத் தூக்கி ஏறவேண்டி வந்தால் என்ன செய்வது என்றுதான் யோசிக்கிறேன்.