கழற்ற வசதியாக மாற்றிய பயனியர் ரிசீவர்: சில வருட அனுபவம்

1976இல் சந்தைக்கு வந்த பயனியர் எஸ்எக்ஸ்-750, இடம் வலம் என ஒவ்வொரு பக்கத்துக்கும் 50 வோற்று தரும் ரிசீவர், அதாவது றேடியோவும் அம்ப்ளிபையரும் ஒன்றாக உள்ள பெட்டி. சத்தத்தில் இன்றும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. திருத்துவதுதான் பாடு. பலகைகளுக்கு இடையே ஓடும் வயர்களில் பெரும்பாலானவை ஈயம் வைத்து ஒட்டியவை அல்ல. சதுரக் கம்பிகளில் கருவியால் இறுக்கிச் சுற்றியவை. தொழிற்சாலைக்கு அது வேகமான, நம்பகமான முறை. ஆனால் ஒரு பலகையை வெளியே எடுக்க அத்தனை சுற்றையும் அவிழ்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நுனி முறிந்து வயர் குட்டையாகிக்கொண்டே போகும். கடைசியில் கம்பிக்கு எட்டாது.

யாழ்ப்பாணம் குருநகர்க் கரையோரத்தில் இருந்துகொண்டு இந்தப் பெட்டியைத் திறக்காமல் காலம் தள்ள முடியாது. மாரியில் ஈரம், மற்ற நாட்களில் உப்புக்காற்று. சுவிட்ச் கரகரக்கும், ஸ்பீக்கரை இணைத்துவிடும் தானியங்கிச் சுவிட்சான றிலேயின் முனைகள் கறுக்கும், ஒரு பக்கச் சத்தம் போய்ப் போய் வரும். அதனால் பவர் சப்ளை, அம்ப்ளிபையர், றிலே ஆகிய மூன்று பலகைகளின் வயர்களுக்கும் கனெக்டர் போட்டேன். தலைகீழாகச் செருக முடியாத வகை அது. பக்கத்தில் பக்கத்தில் வரும் இரண்டுக்கு ஒரே எண்ணிக்கையில் பின் வைக்கவில்லை, அதனால் மாறிச் செருகவும் வழியில்லை. வயரையும் பலகையைப் புரட்டிப் பார்க்கும் அளவுக்கு நீட்டிவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் கனெக்டர் போடுவது நல்லதல்ல. இசைத்தட்டுக்கான போனோ உள்ளீட்டில் வருவது சில மில்லிவோல்ட்தான். அங்கே ஒரு முனை லேசாகக் களிம்பு பிடித்தாலும் காதில் கேட்கும். அந்தக் கவச வயர்களை ஈயத்திலேயே விட்டேன். பெரிய கண்டென்சர்களிலிருந்து வரும் தடித்த வயர்களும் அப்படித்தான். அதிகக் கரண்ட் ஓடும் இடத்தில் சின்னக் கனெக்டர் சூடாகி உருகும்.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் செலவே இல்லாதது. வெளியீட்டு ட்ரான்சிஸ்டர்களின் எமிட்டர் றெசிஸ்டர்களில் இருந்து மெல்லிய வயர் எடுத்து, ஓரத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ டெர்மினலில் கட்டினேன். ஒவ்வொரு வயரிலும் 1 கிலோ ஓம் போட்டிருக்கிறது. மீற்றர் முனை வழுக்கினாலும் ட்ரான்சிஸ்டர் தப்பும். மேல்மூடியை எடுத்தால் போதும், பயஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் ட்ரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு கரண்ட், சரியா என்று பார்த்துவிடலாம். அப்புறம் டயல் விளக்குகளுக்கு எல்இடி.

இதன் அருமை 2022இல் தெரிந்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு, பெற்றோலும் இல்லை. வலப்பக்கத்தில் இரைச்சலும் வெடிப்புமாக ஒரு கோளாறு வந்தது. பதினைந்து கிலோவுக்குக் கிட்டப் பாரமான பெட்டியைத் தூக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. கண்டென்சர்களை ஒரு றெசிஸ்டரால் வெறுமையாக்கி, கனெக்டர்களைப் பிடுங்கி, அம்ப்ளிபையர் பலகையை மட்டும் பையில் போட்டுச் சைக்கிளில் ரவுனுக்குக் கொண்டுபோனேன். தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவில் றேடியோ ஓட வைத்த தலைமுறையைச் சேர்ந்த அண்ணை ஒருவர் அங்கே திருத்துகிறார். பலகையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, எல்லாரும் இப்பிடிக் கொண்டுவந்தா நான் ஏன் நாரி நோகக் குனியப்போறன்?" என்றார். கோளாறு 2எஸ்ஏ726 ட்ரான்சிஸ்டரில். அந்தத் தலைமுறைப் பயனியர்களில் இரைச்சலுக்குப் பேர்போனது அது. அதற்குப் பதிலாகக் கேஎஸ்ஏ992 ட்ரான்சிஸ்டர் அதே கால் வரிசையில் பொருந்தும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து மாற்றினார். வீட்டுக்கு வந்து, எங்காவது ஷோர்ட் இருந்தால் பெட்டி எரியாமல் பல்ப் எரியட்டும் என்று 100 வோற்றுக் குண்டு பல்பைத் தொடரில் வைத்துப் போட்டேன். பல்ப் ஒருதரம் பளிச்சிட்டு மங்கியது, றிலே டிக் என்றது.

கனெக்டர்களுக்கும் பராமரிப்பு வேண்டும். ஒவ்வொரு மாரி முடிந்ததும் கழற்றிப் பார்க்கிறேன். ஈயம் பூசிய பின்கள் மங்கியிருக்கும், கொன்டாக்ட் கிளீனர் அடித்து இரண்டு தரம் செருகி எடுத்தால் சரி. தங்கம் பூசியவை இதுவரை மாறவில்லை. கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் விலையைப் பார்க்காமல் அதையே வாங்குங்கள்.

என்னுடையது ரொறன்ரோவில் இருந்து சித்தப்பா கொண்டுவந்த 120 வோல்ட் செற். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமரின் 110 வோல்ட் முனையில்தான் கொடுக்கிறேன். 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த ட்ரான்ஸ்ஃபோமர் நம்முடைய 50இல் கூடுதலாகச் சூடாகும், வோல்ட்டைக் குறைத்தால் அது அடங்கும். அங்கிருந்து வந்த செற்றில் எப்எம் கொஞ்சம் மந்தமாகக் கேட்டால் டியூனரைக் குறை சொல்ல வேண்டாம். எப்எம் ஒலியில் மேல் சுரங்களைத் தணிக்கும் டி-எம்பசிஸ் வட அமெரிக்காவில் 75 மைக்ரோசெக்கன், இங்கே 50. அதற்குரிய இரண்டு கண்டென்சர்களையும் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு மாற்றினால் பாட்டின் மேல் சுரங்கள் திரும்பி வரும்.