கரும்புப் பூவும் என்டி ஃபில்டரும்

மொரீஷியஸுக்குப் பக்கத்துத் தீவான ரீயூனியனில் இருக்கும் மாமா மகன் போன் செய்தான். "அத்தான், உங்க சின்ன ட்ரோனையே நானும் வாங்கட்டுமா?" ட்ரோனின் கேமராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பலின் ரிப்பேருக்குப் பில் கட்டி இரண்டு நாள்கூட ஆகவில்லை. சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

முதல் ஆறு மாதம் எடுத்த வீடியோ எல்லாமே கண்ணை உறுத்தின. இங்கே மொரீஷியஸில், கோர் தெ கார்ட் மலையடிவாரத்தில் கரும்பின் மேல் தாழப் பறக்கவிட்டால் தோகைகள் வெட்டி வெட்டித் துடிக்கும். காற்றின் மேல் பழி போட்டேன், ஆனால் உண்மைக் காரணம் ஷட்டர், அதாவது வீடியோவின் ஒவ்வொரு பிரேமுக்கும் (தனிப்படத்துக்கும்) கேமரா ஒளி வாங்கும் நேரம். உச்சி வெயிலில், ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்வை 100-க்குக் குறைத்தாலும், அது 1/3200 நொடிக்கு ஓடிவிடுகிறது. ஒவ்வொரு பிரேமும் உறைந்து நிற்பதால் அசைவு ஒட்டுவதில்லை. நொடிக்கு 25 பிரேம் என்றால் ஷட்டர் ஒரு பிரேமின் நேரத்தில் பாதி, 1/50 நொடி, வேண்டும். அதற்கு லென்ஸ் முன்னே மாட்டும் கறுப்புக் கண்ணாடி, வெளிச்சத்தை ஆறு ஸ்டாப் (64-இல் ஒரு பங்காக) குறைக்கிற என்டி 64 ஃபில்டர் வேண்டும்.

ஃபில்டரை மாட்டினேன். ஜூன் மாதம், கரும்பு பூத்திருந்தது. தென்கிழக்குக் காற்றில் வெள்ளிப் பூக்கள் சாய்ந்தபோது ஒவ்வொரு கதிரும் மெல்லிய தடம் விட்டு அடுத்ததில் கரைந்தது. டிவியில் போட்டுக் காட்டினேன். அம்மா கிட்டே போய் நின்று, "காத்து தெரியுதுப்பா" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே வாங்கிய காசு தகும்.

ஷார்ப்னெஸை ஒரு படி குறைத்தேன், சினி மோடில் (மெதுவாகப் பறக்கும் முறையில்) திரும்பும் வேகத்தையும் தணித்தேன். அவையும் உதவின.

ஆனால் மொரீஷியஸில் வெயில் பத்து நிமிடம் நிலைக்குமா? மேகம் வந்தால் என்டி 16 போதும். இந்தச் சின்ன ட்ரோனில் அபெர்ச்சர் (ஒளி நுழையும் துவாரம்) எஃப் 2.8-இலேயே நிற்கும், ஐஎஸ்ஓவை ஏற்றினால் நிழலெல்லாம் புள்ளி புள்ளியாகிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் இறக்கி, அணைத்து, ஃபில்டரை மாற்றி, மறுபடி ஏற்ற வேண்டும். அதற்குள் வெயில் திரும்பிவிடும். அப்படி ஓர் அவசரத்தில் ஃபில்டரைத் திருகினேன். கிம்பல் கை மடங்கி உள்ளேயிருந்த ரிப்பன் கேபிள் கிழிந்தது. என் விரல்தான் செய்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இக்கட்டில் விரலை மாட்டிவிட்டது இந்த வடிவமைப்பு.

மேவிக் 3 என்கிற பெரிய ட்ரோனில் அபெர்ச்சரை எஃப் 2.8 முதல் எஃப் 11 வரை பறக்கும்போதே மாற்றலாம். விலை அதிகம்தான். பொறுத்திருந்து பணம் சேர்த்து அதை வாங்கு, தம்பி. இதை வாங்காதே.