மட்டக்களப்பு வெயிலில் ஒரு குளிர்த்தொப்பி

ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சியின் மகனுக்குத் தொப்பி பின்ன, மட்டக்களப்பு டவுனில் ஒரு தையல் சாமான் கடையில் நூல் வாங்கினேன். "சுத்தக் கம்பளி அக்கா" என்றார் கடைத் தம்பி. வீட்டில் ஒரு இழையைக் கொளுத்திப் பார்த்தேன். கம்பளி என்றால் வர வேண்டிய முடி கருகும் மணம் வரவில்லை, உருகிக் கட்டியானது. அக்ரிலிக், செயற்கை நூல்! சரி, துவைக்க லேசு. ஆனால் கொடுத்தது கம்பளி விலை.

அங்கேயே வாங்கிய 5 மில்லிமீற்றர் மூங்கில் ஊசி அருமை, வேர்த்த கையிலும் வழுக்கவில்லை. விளிம்புக்கு இரண்டு நேர்ப் பின்னல் (knit), இரண்டு மறு பின்னல் (purl). அதற்கு மேல் ஒரு நேர், ஒரு மறு, அடுத்த வரியில் இடம் மாற்றி. அரிசி தூவியது போல மேடும் பள்ளமுமாக எழும்பி வந்தது. ஃபேனுக்குக் கீழே இருந்து பின்னியும் மடி அவிந்ததுதான் மிச்சம்.

அந்தக் கடைக்கு ஊசி வாங்க மட்டும் இனிப் போவேன்.