கொடைக்கானலில் எதுக்கு ஐஸ் மெஷின்?

“பல்லு கிட்டுற குளிர்ல ஐஸுக்கு ஒரு மெஷினாடி?” பெட்டியைப் பிரிக்கும்போதே அத்தை கேட்டுவிட்டார். வில்பட்டி பக்கம் மூன்று அறை வைத்து ஆட்களைத் தங்க வைக்கிறோம். ஏப்ரல், மே சீசனில் கீழேயிருந்து வருகிறவர்களுக்கு பேஷன் ஃப்ரூட் ஜூஸில் ஐஸ் மிதந்தே ஆக வேண்டும். ஃப்ரிட்ஜில் இருக்கிற இரண்டு ட்ரே பத்துப் பேருக்கு எந்த மூலைக்கு? அதனால் 9,500 ரூபாய்க்கு, மேடைமேல் வைக்கிற ஐஸ் மெஷின். வீட்டில் நாலே பேர் என்றால் வாங்காதீர்கள், ட்ரேயே போதும்.

மலையேறும்போது பெட்டி படுத்தே வந்திருக்கிறது. அப்படி வந்தால் கம்ப்ரஸர் எண்ணெய் பழைய இடத்துக்கு இறங்க ஒரு நாளாவது நிமிர்த்தி வைக்க வேண்டும். வீட்டுக்காரர் உடனே ஸ்விட்ச் போடப் போனார், கையைத் தட்டிவிட்டேன்.

உள்ளே ஒன்பது உலோக விரல்கள் தண்ணீர்த் தட்டில் முங்கி நிற்கும். எட்டு, பத்து நிமிஷத்தில் விரலைச் சுற்றி ஐஸ் கட்டும், தட்டு கவிழும், விரலுக்குள் சூடான வாயு ஓடி ஐஸைக் கழற்றி விடும். நடுவில் குழியோடு பொலபொலவென்று விழும். முதல் இரண்டு ஈடு முட்டை ஓடு மாதிரி மெல்லிசாகத்தான் இருக்கும். தொட்டித் தண்ணீர் குளிர்ந்ததும் சரியாகிவிடும்.

எங்கள் கடப்பா கல் மேடை லேசாகச் சாய்வு. ஒரு பக்க ஐஸ் தடியாகவும் மறுபக்கம் நோஞ்சானாகவும் வந்தது. ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தேன், தீர்ந்தது. இன்னொரு நாள் கூடை காலி, ஆனால் ‘நிறைந்தது’ விளக்கு எரிகிறது. கூடை நிறைந்ததா என்று பார்ப்பது அகச்சிவப்பு சென்சார். ஜன்னல் வெயில் நேரே அதன்மேல் விழுந்து ஏமாற்றியிருக்கிறது. 7,000 அடியில் காற்றுதான் குளிர்ச்சி, வெயில் சுள்ளென்று அடிக்கும். திரையை இழுத்துவிட்டேன், மறுபடி ஓட ஆரம்பித்தது.

ஜனவரியில்தான் அத்தை ஜெயித்தார். விடிகாலையில் போட்டேன். ஐஸ் விரலை விட்டு இறங்கவே இல்லை. அதன்மேலேயே அடுத்த ஈடும் கட்டி, தட்டு இடித்துக் கடகடவென்று சத்தம். 10 டிகிரிக்குக் கீழே ஓட்டாதீர்கள் என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. குளிர் அதிகமானால் கழற்றிவிடுகிற வாயுவுக்கே சூடு பற்றாது. இப்போதெல்லாம் அடுப்பு எரிந்து சமையலறை சூடான பிறகுதான், பத்து மணிக்கு மேல்.

இது ஐஸ் செய்யும், காத்து வைக்காது. கூடையில் விட்டால் உருகித் தொட்டிக்கே திரும்பிவிடும். அள்ளி அப்படியே கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்தாலோ ஒரே பாறை, உடைக்க அம்மிக்குழவி வேண்டும். முதலில் தட்டில் பரப்பி அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். ஈரம் இறுகிய பிறகு கவரில் கட்டினால் உதிரி உதிரியாக நிற்கும்.

தண்ணீர் வடிக்க அடியில் ஒரு ரப்பர் மூடி உண்டு. கழுவிவிட்டு அதைச் சரியாக அழுத்தாமல் ஒரு ராத்திரி விட்டேன். காலையில் காபி போட வந்த அத்தைதான் முதலில் மிதித்தார்.