ஆக்னஸ் மூர்ஹெட்டின் வானொலி நாடகங்கள்: எந்தப் பிரதியைக் கேட்பது?

'பிவிட்ச்ட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் மாமியார் எண்டோராவாக மட்டும் ஆக்னஸ் மூர்ஹெட்டை அறிந்தவர்கள், ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு அவரைக் கேட்க வேண்டும். திரையில் நான்கு ஆஸ்கர் பரிந்துரை வாங்கியவர்தான். ஆனாலும் அவருடைய உச்சம் 1943 மே 25 அன்று சிபிஎஸ் வானொலியின் 'சஸ்பென்ஸ்' தொடரில் வந்த 'சாரி, ராங் நம்பர்' என்ற அரைமணி நாடகம். இன்டர்நெட் ஆர்கைவ் இணையதளத்தில் இத்தொடரின் பெரும்பகுதி இலவசம்.

படுக்கையில் கிடக்கும் நோயாளிப் பெண் கணவனுக்கு போன் போடுகிறாள். கிராஸ் டாக்கில் ஒரு கொலைத் திட்டம் காதில் விழுகிறது. ஆபரேட்டரை அதட்டும் பணக்கார மிடுக்கில் ஆரம்பிக்கிற குரல், கொஞ்சம் கொஞ்சமாகக் கெஞ்சலாக இறங்குகிறது. அந்த இறக்கம் முழுக்க மூச்சில்தான் இருக்கிறது.

அதனால்தான் 'சுத்தம் செய்த' பிரதிகள் வேண்டாம் என்கிறோம். இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு மூச்சும் இரைச்சலும் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்தே துடைத்துவிடும். 'ஸ்' ஒலிகள் தண்ணீருக்குள் பேசுவதுபோல் கேட்டால் அந்தக் கோப்பை மூடிவிடுங்கள். 'சரசர' சத்தத்தோடு வரும் பிரதியே மேல்.

அடுத்து தேதி. இதே நாடகத்தை அவர் 1960 வரை பலமுறை நடித்திருப்பதால், கோப்பின் பெயரை அப்படியே நம்ப வேண்டாம், நடுவே வரும் விளம்பரத்தைக் கேளுங்கள்; காலத்துக்குக் காலம் விளம்பரதாரர் மாறியிருப்பார். ரோமா ஒயின் என்றால் 1944 அல்லது 1945. ஆட்டோ-லைட் (கார் பாகங்கள்) என்றால் 1948 அல்லது 1952. விளம்பரமே இல்லையென்றால் 1943 ஆக இருக்கலாம், ராணுவ வானொலிக்காக விளம்பரத்தை வெட்டிய பிரதியாகவும் இருக்கலாம். மூர்ஹெட் மார்கோ லேன் என்ற பாத்திரமாக நடித்த இன்னொரு வானொலித் தொடரான 'தி ஷேடோ'வுக்கும் இதே சோதனைதான்: குட்ரிச் டயர் விளம்பரம் வந்தால் அது 1938 கோடைத் தொடர், அதில் மார்கோ லேனாகப் பேசுவது மார்கட் ஸ்டீவன்சன். மூர்ஹெட் வேண்டுமென்றால் புளூ கோல் (நிலக்கரி) விளம்பரம் உள்ளதைத் தேடுங்கள்.

பதினைந்தாவது நிமிடத்தை ஒட்டி ஒலியின் தரம் சட்டென்று மாறினால் பயப்பட வேண்டாம். அக்கால 16 அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் 15 நிமிடம்தான் கொள்ளும். அங்கே தட்டு மாறியிருக்கிறது. இரண்டாம் பாதி மட்டும் கீச்சென்று கேட்டால், ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்து வேகத்தை 1 சதவீதம், 2 சதவீதம் என்று குறைத்துப் பாருங்கள். சுருதியை மட்டும் குறைத்தால் போதாது. தட்டு வேகமாகச் சுழன்றபோது பேச்சும் சேர்ந்தே ஓடியிருக்கும்.

'சாரி, ராங் நம்பர்' 1948இல் படமானபோது இந்த நோயாளிப் பெண் பாத்திரம் பார்பரா ஸ்டான்விக்குக்குப் போனது. அவரும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். ஆனால் 89 நிமிடத்துக்கு இழுக்கக் கணவனின் கிளைக்கதை தேவைப்பட்டிருக்கிறது. நாடகத்தை முதலில் கேளுங்கள். ஹெட்போனில், இடையில் நிறுத்தாமல்.